படகுக்கு உடையவன் யார்?

ஏப்ரல் மாதம் 15-ந் தேதி முதல் ஜூன் மாதம் 14-ந் தேதி வரையில் நமது கீழைக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கப் போகலாகாது என்பது ஸர்க்கார் உத்தரவு. மீனினம் முட்டையிட்டுப் பெருகும் காலத்தில் கடலின் அடியை வலையால் வாரி எடுப்பது விதைநெல்லைக் குத்தித் தின்பதற்கு ஒப்பாகும் என்னும் நியாயத்தின் மேல் இத்தடை ஏற்பட்டது. 2001-ம் வருஷத்தில் 45 நாட்களாகத் தொடங்கிய இது 2017-ல் 61 நாட்களாக நீட்டப்பட்டது. தடையின் நியாயத்தை நாம் மறுப்பவரல்லோம். கடல் ஒருவன் சொத்தன்று. இன்று பிடிப்பவனுக்கு மட்டும் உரியதுமன்று.

இந்த அறுபத்தொரு நாட்களைப்பற்றி நகரவாசிகள் அறிந்தவை இரண்டே சங்கதிகள். மீன் விலை ஏறிவிட்டது என்பது ஒன்று. மீனவக் குடும்பங்களுக்கு நிவாரணத் தொகை கொடுக்கப்படுகிறது என்பது மற்றொன்று. அரசியல் மேடைப் பேச்சும் இவ்விரண்டுக்கு அப்பால் செல்வதில்லை. தொகையை உயர்த்துக என்று ஒரு கட்சி கேட்கிறது. உயர்த்திவிட்டோம் என்று வேறொரு கட்சி விடையளிக்கிறது. காசிமேட்டிலும் நாகப்பட்டினத்திலும் இராமேசுவரத்திலும் தூத்துக்குடியிலும் அணியணியாக நிறுத்தப்பட்டிருக்கும் படகுகளின் வயிற்றுக்குள்ளே நடப்பது என்ன என்று கேட்பவரைக் காணோம். மீனவனுக்கு அது வேலையில்லாத காலமாக இருக்கலாம். படகின் யந்திரத்துக்கு அதுவே வைத்திய காலம். அடுத்த பத்து மாதத்துக்கு அந்தப் படகுக்கு உண்மையில் உடையவன் யார் என்பதும் அந்தக் காலத்திலேதான் தீர்மானமாகிறது. இதுவே நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம்.

உடைமை வேறு, அனுபோகம் வேறு என்பது சட்டம் படித்தவர்களுக்குப் பாலபாடம். 1983-ம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி படகு பதிவாக வேண்டும்; உரிமம் பெற வேண்டும். பதிவேட்டிலே சம்மாட்டியின் பெயர் இருக்கிறது. படகு தவறு செய்தால் அபராதம் அவன் தலையில் விழுகிறது. புயலில் உடைந்தால் நஷ்டம் அவனுடையது. கூலியாட்களுக்கு விபத்து நேர்ந்தால் பழியும் அவனுடையது. ஆனால், படகு கொண்டுவரும் மீனை எங்கே இறக்குவது, யாரிடம் ஏலம் விடுவது, என்ன விலைக்குக் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பவன் பல துறைகளில் வேறொருவன். சுமையெல்லாம் ஒருவனுக்கும், சுகமெல்லாம் வேறொருவனுக்குமாகப் பிரிந்து நிற்கும் உடைமை என்ன உடைமை? இந்தப் பிரிவினைக்கு வாசல் திறந்துவிடுவது பெரும்பாலும் யந்திரந்தான்.

ஆகையால் முதலில் அந்த யந்திரத்தைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல வேண்டும். நம் அரசியல் ஊழியர்களில் பலர் அதைத் தொட்டுப் பார்த்தவரல்லர். சிறிது விரித்துச் சொல்வதைப் பொறுத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

1897-ம் வருஷத்தில் ஜெர்மனியிலுள்ள ஆக்ஸ்பர்க் நகரத்தில் ருடால்ப் டீசல் என்பவர் செய்து காட்டிய யந்திரத்தின் சந்ததிதான் நமது விசைப்படகுகளில் ஓடுவது. காற்றை இறுக்கினால் அது சூடேறும். மிகுதியாக இறுக்கப்பட்ட காற்றுக்குள் எண்ணெயைத் துளித்துளியாகப் பீச்சினால் நெருப்பில்லாமலே அது பற்றிக்கொள்ளும். இதுவே அதன் சூட்சுமம். நம் கரையில் ஓடும் யந்திரங்களில் பல, லாரிக்காகச் செய்யப்பட்டுப் பிறகு கடலுக்காக மாற்றியமைக்கப்பட்டவை. இதில் பிசகொன்றுமில்லை, உதிரிப் பாகங்கள் ஊரிலேயே கிடைக்கும் என்னும் ஸௌகரியம் இதனால் உண்டு. ஆயினும் லாரிக்கும் படகுக்கும் உள்ள பேதத்தை மறந்தவன் யந்திரத்தை இழப்பான். லாரி மேட்டில் ஏறினால் பள்ளத்தில் இறங்கும். இறங்கும்பொழுது யந்திரம் இளைப்பாறும். படகுக்கோ பள்ளமென்பதே கிடையாது. தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் விசிறி, யந்திரத்தை எந்நேரமும் மேட்டில் ஏறும் லாரியைப்போலவே வைத்திருக்கிறது. அன்றியும், விசிறி கேட்கும் சக்தி அதன் சுழற்சி வேகத்தோடு ஒன்றுக்கு ஒன்றாக வளர்வதில்லை. ஏறக்குறைய மும்மடிப் பெருக்கமாக வளர்கிறது. சுழற்சியைக் கால் பங்கு கூட்டினால் அதற்கு வேண்டிய சக்தி ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். பத்தில் ஒரு பங்கு குறைத்தாலோ கால் பங்குக்குமேல் சக்தி மிஞ்சும். இந்தக் கணக்கை மட்டும் அறிந்து கைப்பிடியைச் சிறிது தளர்த்தி ஓட்டுகிறவன் டீசலில் காணும் மிச்சம், ஸர்க்கார் தரும் வரிச்சலுகைக்குக் குறைந்ததாக இராது.

இனி, யந்திரத்தின் முதற் சத்துரு உப்பு. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. யந்திரத்தின் சூட்டைத் தணிக்க வேறு தண்ணீர் கடலில் ஏது? கடல்நீரைப் பம்பு மூலமாக இழுத்துக் குழாய்களின் வழியே ஓடவிட்டு, யந்திரத்துக்குள் சுற்றும் நல்ல தண்ணீரை அதனால் குளிர்விக்கிறார்கள். சூடு பட்ட கடல்நீர் குழாயின் உட்சுவரில் காறை படிய விடுகிறது. அடுப்பிலேற்றிய பாத்திரத்தில் உப்புநீர் வெண்படலம் விடுவதைப் பெண்மக்கள் அறிவார்கள். காறை படியப் படியக் குளிர்ச்சி குறைகிறது, சூடு மிகுகிறது, மிகுந்த சூடு மேலும் காறையை வளர்க்கிறது. கடைசியில் ஒரு நாள் நடுக்கடலில் தலைப்பாகம் வெடிப்பு விட்டு, நல்ல தண்ணீர் மசகெண்ணெயோடு கலந்து மோர்போல் வெளுத்துவிடுகிறது. மசகெண்ணெய் அளவுகோலை உருவிப் பார்த்து எண்ணெய் வெளுத்திருக்கக் கண்டும் யந்திரத்தை ஓட்டுகிறவன் தன் வீட்டுக் கூரையில் தானே தீ வைப்பவன்.

கடல்நீர்ப் பம்புக்குள் ரப்பரால் செய்த ஒரு சிறு சக்கரம் உண்டு, இம்பெல்லர் என்பார்கள். விலையில் அற்பம். தண்ணீரில்லாமல் சிறிது நேரம் உலர்ந்து சுழன்றால் அதன் இதழ்கள் கருகி உதிர்ந்துபோம். உதிர்ந்த துண்டுகள் குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்ளும். வருஷத்துக்கொரு முறை அதைக் கழற்றிப் புதியது போட்டு, பழையது நன்றாயிருந்தால் படகிலேயே கைவசமாக வைத்துக்கொள்வது விவேகம். இதைச் செய்யாதவன் ஒரு சிறு ரப்பர்த் துண்டுக்காக லட்சக்கணக்கில் செலவிடுகிறான்.

இரண்டாவது சத்துரு கண்ணுக்குப் புலப்படாதது. வெவ்வேறு உலோகங்கள் இரண்டு உப்பு நீரில் தோய்ந்து ஒன்றோடொன்று தொடர்புற்றிருந்தால் அங்கே மின்சாரம் பிறக்கிறது. அவற்றில் வலிமை குறைந்த உலோகம் நாளடைவில் கரைந்து மடிகிறது. வெண்கல விசிறியும் எஃகுத் தண்டும் கடலில் நிற்கும் படகு, தன்னையே தின்னும் மின்கலமாகிறது. இதற்காகவே துத்தநாகக் கட்டிகளை அடிப்பாகத்தில் திருகி வைக்கிறார்கள். துத்தநாகம் முதலில் தன்னைப் பலிகொடுத்து மற்றவற்றைக் காக்கும். பாதி கரைந்துவிட்டதென்றால் மாற்றிவிட வேண்டும். வர்ணம் பூசுகிறவன் அழகுக்காக அக்கட்டியின் மேலும் வர்ணத்தைப் பூசிவிட்டால் அது வெறும் பாரமாகத் தொங்குமே தவிர வேலை செய்யாது. இத்தனை சிறிய பிழைகள் எத்தனை பெரிய நஷ்டத்துக்கு வித்து!

தடைக்காலத்தில் யந்திரத்துக்குச் செய்ய வேண்டியவற்றில் முக்கியமானது, செய்யும் வேலையைவிட அதைச் செய்யும் முறையே. பணமில்லாத சம்மாட்டி என்ன செய்கிறான்? படகைக் கட்டிவிட்டுப் போகிறான். கடலுக்குப் போகும் நாள் நெருங்கியபின் கடன் வாங்கிக்கொண்டு வந்து மசகெண்ணெயை மாற்றுகிறான். இது தலைகீழ்ப் பாடம். ஓடி உழைத்த எண்ணெயில் நீரும், எரிந்த டீசலிலிருந்து பிறந்த புளிப்புப் பொருள்களும் கலந்திருக்கின்றன. அறுபது நாள் அசையாமல் நிற்கும் யந்திரத்துக்குள் அவை தாங்குருளைகளை அரித்துக்கொண்டேயிருக்கும். ஆதலால் படகு கரை சேர்ந்ததும், யந்திரம் சூடாக இருக்கும்போதே பழைய எண்ணெயை வடித்துவிட்டுப் புதியதை ஊற்றி, சிறிது நேரம் ஓட்டி, புதிய எண்ணெய் எல்லா அவயவங்களிலும் படியச் செய்து, அதன் பிறகே நிறுத்த வேண்டும். கடல்நீர்ப் பாதையில் நல்ல தண்ணீரை விட்டு உப்பைக் கழுவ வேண்டும். டீசல் தொட்டியை அரைகுறையாக விட்டால் வெற்றிடத்திலுள்ள காற்றின் ஈரம் இரவில் பனித்து நீராக இறங்கும். அந்த நீரும் டீசலும் சந்திக்கும் இடத்தில் நுண்ணுயிர்கள் பாசிபோல் வளர்ந்து வடிகட்டியை அடைக்கும். தொட்டி நிறைந்திருக்க வேண்டும். அல்லது அறவே வற்றித் துடைக்கப்பட்டிருக்க வேண்டும். புகைக்குழாயின் வாயை மூடி வைக்க வேண்டும். வாரத்துக்கொரு தரம் யந்திரத்தைக் கையால் சிறிது சுழற்றி வைப்பது நலம். குளிர் தேசங்களிலுள்ள படகுக்காரர்களுக்கு வேறொரு பயமும் உண்டு. யந்திரத்துக்குள் தங்கிய நீர் உறைந்தால் பத்தில் ஒரு பங்களவு பெருத்து இரும்பையே பிளந்துவிடும். ஆகவே அவர்கள் குளிர்காலத்துக்கு முன் ஒரு துளி நீர் விடாமல் வடிக்கிறார்கள்; அல்லது உறையாத் திரவத்தை நிரப்புகிறார்கள். நம் தேசத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால், நம்முடைய வெப்பமும் ஈரமும் துருவுக்குத் தாய்வீடு.

புகையைப் பார்த்து நோயைச் சொல்லலாம் என்பார்கள் துறைமுகத்து மெக்கானிக்குகள், அது மெய். கரும்புகை விட்டால் யந்திரம் தாங்காத பாரம், அல்லது காற்றுக் குறைவு, அல்லது எண்ணெய் பீச்சும் மூக்கின் பழுது. நீலப்புகை விட்டால் மசகெண்ணெய் எரிகிறது, வளையங்கள் தேய்ந்துவிட்டன. வெண்புகை அடங்காமலிருந்தால் டீசல் எரியாமல் போகிறது, அல்லது உள்ளே தண்ணீர் கசிகிறது. கரையிலேயே இவற்றைக் கண்டு தீர்ப்பதற்குத்தான் இக்காலம்.

மரப்படகுகளில் கலப்பற்று வேலை முடிந்து, அடிப்பாகத்து வர்ணம் காய்ந்து, படகு நீரில் இறங்கியபின் ஒரு வேலை மிஞ்சுகிறது. அவசரக்காரர்கள் அதை விட்டுவிடுகிறார்கள். தரையில் முட்டுக்கொடுத்து நிற்கும் படகின் உடல் ஓர் உருவம். நீரில் மிதக்கும் படகின் உடல் மற்றோர் உருவம். பலகைகள் நீரைக் குடித்து ஊதும். உடல் சிறிது வளையும். தரையில் நேராக இருந்த யந்திரமும் தண்டும் நீரில் நேராக இரா. ஆகவே மிதக்கவிட்டு ஒரு நாளாவது கழிந்தபின், யந்திரத்துக்கும் தண்டுக்கும் உள்ள இணைப்பைத் தளர்த்தி, நேர் பார்த்து மறுபடி இறுக்க வேண்டும். தண்டு வெளியேறும் இடத்தில் அடைக்கும் பேக்கிங் கயிறும் அப்படியே. ஒரு சொட்டும் கசியாமல் இறுக்கிவிட்டால் கயிறு எரிந்து தண்டைத் தின்னும். சுழலும்போது நிமிஷத்துக்குச் சில சொட்டுக்கள் விழுவதே ஆரோக்கியம்.

நாட்டுப் படகுகளுக்கு இத்தடையில்லை. 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலைக்குப் பிறகு கரையெங்கும் பெருகிய கண்ணாடி நார்ப் படகுகளின் சிறு யந்திரங்களுக்கும், குமரி ஜில்லாவில் படகின் பின்புறத்தில் மாட்டும் யந்திரங்களுக்கும் ஓய்வுகாலம் என்று ஒன்று சட்டத்தால் வகுக்கப்படவில்லை. அவற்றை ஒவ்வொரு நாளும் கரைக்கு வந்தவுடன் நல்ல தண்ணீரால் கழுவியே தீரவேண்டும். குடிப்பதற்கே தண்ணீர் குடத்தால் அளக்கப்படும் கடலோரக் கிராமங்களில் யந்திரத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேட்டால், அது மெக்கானிக் சொல்லவேண்டிய விடையன்று. பஞ்சாயத்துச் சொல்லவேண்டிய விடை.

இவ்வளவும் நமது மெக்கானிக்குகளும் அனுபவமுள்ள சம்மாட்டிகளும் அறியாத சங்கதியன்று. அறிந்தும் செய்ய இயலாமற் போவதே கஷ்டம். படகு வருவாய் நின்ற அன்றே யந்திரத்துக்குச் செலவு ஆரம்பமாகிறது. எந்த நாளில் ஒரு பைசா வரவில்லையோ அந்த நாளில்தான் எண்ணெய், வடிகட்டி, பேக்கிங், வர்ணம், கரையேற்றும் கூலி, மெக்கானிக் கூலி அனைத்தும் கேட்டு நிற்கின்றன. நிவாரணத் தொகை அடுப்புக்கு உண்டு, யந்திரத்துக்கு இல்லை. இங்கேதான் தரகர் பிரவேசிக்கிறார்.

அவர் வட்டி கேட்பதில்லை. பத்திரம் கேட்பதுமில்லை. "எடுத்துக்கொள், கடலுக்குப் போனபின் மீனை என்னிடமே போடு" என்கிறார். இதைக் கருணை என்று எண்ணுவது பேதைமை. ஓர் உதாரணக் கணக்குப் பார்ப்போம். மூன்று லட்ச ரூபாய் முன்பணம் வாங்கிய ஒருவன் வருஷத்தில் நாற்பது லட்ச ரூபாய்க்கு மீன் போடுகிறான் என்றும், தரகு நூற்றுக்கு ஐந்து என்றும் வைத்துக்கொள்வோம். தரகர் கைக்கு இரண்டு லட்சம் போகிறது. வருஷ முடிவில் முன்பணம் மூன்று லட்சமும் அப்படியே நிற்கிறது. ஒரு ரூபாய் கழிந்தபாடில்லை. மற்ற வியாபாரிகள் போட்டியிட வழியில்லாததால் விலையில் ஏற்படும் இறக்கம் இந்தக் கணக்கில் சேரவில்லை. அடுத்த ஏப்ரலில் யந்திரம் மறுபடி வாயைத் திறக்கிறது. முன்பணம் நான்கு லட்சமாகிறது. வட்டியென்று பெயரிடாத வட்டியைக் கோர்ட்டு எப்படி விசாரிக்கும்? கந்துவட்டிக்கு எதிராகச் சட்டம் உண்டு; தரகு என்னும் வேஷம் பூண்ட வட்டியின் முன்னே அது கைகட்டி நிற்கிறது. பங்கு முறையிலே வேலை செய்யும் கூலியாளும் இதற்குத் தப்புவதில்லை. தரகும் டீசலும் போக மிஞ்சியதில்தான் அவனுடைய பங்கு.

பணத்தோடு இது முடிந்தால் ஒருவாறு பொறுக்கலாம். அரைகுறையாகப் பழுது பார்த்த யந்திரத்தோடு ஜூன் மாதத்தில் கடலில் இறங்குகிறவன் எந்தக் காற்றுக்குள் இறங்குகிறான்? பாக் நீரிணையிலும் மன்னார் வளைகுடாவிலும் அது மேற்கிலிருந்து கச்சான் காற்றுப் பலமாக வீசும் பருவம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான். 1974-லும் 1976-லும் செய்துகொள்ளப்பட்ட உடன்படிக்கைகளின்படி வரையப்பட்ட எல்லைக்கோடு தண்ணீரின்மேல் தெரிவதில்லை. யந்திரம் நின்ற படகைக் காற்றுக் கிழக்கே தள்ளினால், அது இலங்கைக் கடற்படையின் கையில் போய் நிற்கும். 2018-ல் இலங்கை தன் சட்டத்தைத் திருத்தி அந்நியப் படகுகளுக்கு அபராதத்தை மிகப் பெரிதாக உயர்த்தியிருக்கிறது, படகும் பறிமுதலாகலாம். உயிரோடு திரும்பும் மீனவன் கடனோடு திரும்புகிறான்; படகோ அந்நியக் கரையில் மக்குகிறது.

எல்லை தாண்டும் படகுகள் யாவும் யந்திரக் கோளாற்றால் தாண்டுவன என்று நாம் வாதாட வரவில்லை. அது உண்மையன்று. அக்கரையில் வலை போடுபவர்களும் தமிழர்களே. போரினால் பல வருஷம் கடலை இழந்திருந்த யாழ்ப்பாணத்து, மன்னாரத்து மீனவர்கள். நமது இழுவைப் படகுகள் அவர்களுடைய வலைகளை அறுத்துச் செல்வதை எந்தத் தேசாபிமானத்தைக் கொண்டும் நியாயப்படுத்த முடியாது. ஆனால், கடன் கழுத்தை இறுக்கியவன் அருகிலுள்ள கடலை வாரி முடித்தபின் அக்கரையை நாடுகிறான் என்பதும், பழுதுற்ற யந்திரத்தை நம்பி ஆழ்கடலுக்குப் போகத் துணியாதவன் ஆழமற்ற பாக் கடலையே சுரண்டுகிறான் என்பதும் கவனிக்கத்தக்கவை.

சம்மாட்டிகளும் குற்றத்துக்குப் புறம்பானவர் அல்லர். 240 குதிரைசக்திக்கு மேற்பட்ட யந்திரத்தை மீன்பிடிப் படகில் பொருத்தலாகாது என்று தமிழ்நாட்டு விதிகள் சொல்லுகின்றன. இருந்தும் அடுத்தவன் படகைவிடத் தன் படகு முந்த வேண்டும் என்னும் வெறியில், அளவுக்கு மிஞ்சிய சீன யந்திரங்களை வாங்கிப் பூட்டியவர்கள் உண்டு. உதிரிப் பாகம் ஊரில் கிடையாது. கழற்றத் தெரிந்த மெக்கானிக் அரிது. எண்ணெயைக் குடிக்கும் வேகமோ மும்மடிக் கணக்கின்படி. பெரிய யந்திரம் பெரிய கடனுக்குத் தூதுவன். தடைக்காலத்தில் மீன்வளத்துறை அதிகாரிகள் படகுகளை நேரில் பார்வையிடும்போது நீளத்தை அளக்கிறார்கள், குதிரைசக்தியைக் கேட்கிறார்கள், பதிவெண்ணையும் உயிர்காப்பு மிதவைகளையும் சரிபார்க்கிறார்கள். நல்லது. அதே நாளில், அதே இடத்தில், ஒரு தேர்ந்த மெக்கானிக்கும் உடன் நின்று யந்திரத்தின் தேக நிலையைச் சோதித்து ஒரு குறிப்புப் புத்தகத்தில் எழுதிக் கொடுத்தால் என்ன குறைந்துபோகும்? எத்தனை மணி நேரம் ஓடியது, எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது, எந்தப் பாகம் புதிது என்ற விவரங்கள் அதில் இருந்தால், பழைய படகை வாங்குபவனும் ஏமாறான். பாங்கும் இன்ஷ்யூரன்ஸ்காரரும் நம்பிக் கொடுக்க ஓர் ஆதாரம் உண்டாகும். வாய்வார்த்தை சாட்சிக்கும் எழுத்துச் சாட்சிக்கும் உள்ள வித்தியாசம் கடலிலும் உண்டு.

இவ்விடத்தில் ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை அவர்களை நினையாமலிருக்க முடியவில்லை. 1906-ம் வருஷத்தில் தூத்துக்குடியில் பதிவான சுதேசி நாவாய்ச் சங்கத்தைப்பற்றிப் பேசுகிறவர்கள், காலியா, லாவோ என்னும் இரண்டு கப்பல்கள் 1907-ல் வந்ததையும், வெள்ளைக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து மல்லுக்கு நின்றதையும், 1908-ல் பிள்ளையவர்கள் சிறை புகுந்ததையும் சொல்லுவார்கள். சங்கத்தின் நோக்கங்களை எடுத்துப் படிப்பவர் குறைவு. கப்பல் ஓட்டுவதோடு, நமது மக்களுக்குக் கப்பல் நடத்தும் வித்தையையும் கட்டும் வித்தையையும் சாஸ்திரீய முறையில் கற்பிப்பதும், கப்பல் கட்டவும் பழுது பார்க்கவும் துறைகள் அமைப்பதும் அந்நோக்கங்களில் அடங்கியிருந்தன. வாங்கிய கப்பலைப் பழுது பார்க்கத் தெரியாதவன் விற்றவனுக்கு அடிமையாகவே இருப்பான் என்பதை அந்த வக்கீல் அறிந்திருந்தார். 1911-ல் சங்கம் கலைந்தது, கப்பல்கள் போயின. அந்த நோக்கம் இன்றும் பாதியே நிறைவேறியிருக்கிறது. கொச்சியில் 1963-ல் ஏற்பட்டு, சென்னையிலும் கிளை கொண்டுள்ள மத்திய ஸர்க்காரின் மீன்பிடிக் கப்பல் பயிற்சி நிலையத்தில் கடல் யந்திரப் பிட்டர் வேலைக்குப் பயிற்சி தரப்படுகிறது. நல்ல ஏற்பாடு, ஆனால் கொச்சிக்கும் சென்னைக்கும் இடையே எத்தனை மீன்பிடித் துறைகள்!

தரகரை விலக்கிவிட்டுப் பிழைக்க வழியில்லை என்று பெருமூச்சு விடுகிறவர்கள் தெற்கே சென்று பார்க்கலாம். திருவனந்தபுரத்துக்கு அருகிலுள்ள மரியநாடு என்னும் கடலோர ஊரில் மீனவர்களே ஒரு சங்கம் கூடி, தங்கள் மீனைத் தங்கள் சங்கத்தின் மூலமாகவே ஏலம் விடத் தொடங்கினார்கள். எதிர்ப்பு இல்லாமலில்லை. அந்த முறை பரவி, 1980-ல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் சம்மேளனமாக உருவெடுத்தது. குமரி ஜில்லாக் கிராமங்களும் அதில் சேர்ந்தன. அங்கே அன்றாட மீன் விலையிலிருந்து ஒரு பகுதி கடனுக்கும், ஒரு பகுதி சேமிப்புக்கும், ஒரு சிறு பகுதி சங்கச் செலவுக்கும் பிடிக்கப்படுகிறது. தரகரிடம் கழியாத அசல் அங்கே நாள்தோறும் கழிகிறது. சம்மேளனம் படகு கட்டும் பட்டறைகளையும் யந்திரம் பழுது பார்க்கும் நிலையங்களையும் நடத்தியிருக்கிறது. விற்பனை, கடன், பட்டறை மூன்றும் ஒரே கையில் இருந்ததுதான் அதன் பலம். இவற்றில் எதைப் பிரித்தெடுத்தாலும் தரகர் அவ்வழியே நுழைந்துவிடுவார். அவை பெரும்பாலும் சிறு படகுக்காரர்களின் சங்கங்கள் என்பது மெய்யே. விசைப்படகின் தொகைகள் பெரியவை. அதனால் முறை பொய்த்துப்போகாது. முதல்தான் பெரிதாக வேண்டும்.

முதலுக்கு வழி அறவே இல்லாமலில்லை. உழவர்களுக்கிருந்த கிஸான் கடன் அட்டை 2018-19-ம் வருஷத்து வரவுசெலவுத் திட்டத்தில் மீனவர்களுக்கும் விரிக்கப்பட்டது. உழவனுக்கு விதைப்புக்கு முன் பணம் வேண்டும் என்பதைப் பாங்கு அதிகாரி அறிவார். சம்மாட்டிக்கு ஏப்ரல் 15-ந் தேதிக்கு முன் வேண்டும் என்பதை அவருக்கு யார் எடுத்துச் சொன்னார்கள்? ஜூலையில் கிடைக்கும் கடன் யந்திரத்துக்கு உதவாது. பழைய முன்பணத்தின்மேல் புதிய பாரமாக ஏறும். கடலோர ஜில்லாக்களில் வேலை செய்யும் தேச ஊழியர்களுக்கு இங்கே ஓர் அலுவல் காத்திருக்கிறது. அதற்கு மேடை வேண்டாம், கொடி வேண்டாம். ஒவ்வொரு துறையிலும் சம்மாட்டிகளின் பெயரையும், யந்திரத்தின் விவரத்தையும், தடைக்காலச் செலவின் மதிப்பையும் ஜனவரியிலேயே எழுதி வாங்க வேண்டும். மனுக்கள் பிப்ரவரிக்குள் கூட்டுறவு பாங்கின் மேஜைக்குப் போய்ச் சேர வேண்டும். துறை முழுவதுக்கும் சேர்த்து மசகெண்ணெயும் வடிகட்டியும் துத்தநாகமும் மொத்தமாக வாங்கினால் விலை இறங்கும். கடைசிப் படகு கரையைத் தொடும் நாளில், யந்திரம் ஆறுவதற்குள், புதிய எண்ணெய்ப் பீப்பாய்கள் துறையில் வந்து இறங்கியிருக்க வேண்டும்.